புது மின்கார் வாங்கியவர்களுக்கு: அலைன்மெண்டும் முதல் வருடப் பராமரிப்பும்

மின்காருக்குப் பராமரிப்பே கிடையாது என்று ஷோரூமில் சொல்வார்கள். எஞ்சின் எண்ணெய் இல்லை, பிளக் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை என்பதெல்லாம் சரி. ஆனால் அந்தச் செலவின் ஒரு பகுதி டயருக்கு இடம் மாறியிருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. பி.ஒய்.டி. அட்டோ 3 மின்காரின் எடை 1750 கிலோ. நம் வீடுகளில் பல வருடம் ஓடிய பெரோடுவா மைவி பெட்ரோல் கார் ஏறத்தாழ 1000 கிலோ. கூடுதலாக வந்த இந்த முக்கால் டன்னைத் தாங்குவது தரையைத் தொடும் நான்கு டயர் பரப்புகள், ஒவ்வொன்றும் நம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இதோடு மின்மோட்டாரின் இழுவிசை மிதித்த நொடியிலேயே முழுதாக வந்து சேர்கிறது. சக்கரக் கோணத்தில் சிறு பிசகு இருந்தாலும் பெட்ரோல் காரைவிட மின்காரில் டயர் சீக்கிரம் தேயும் என்பதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் முதல் மின்கார் எடுத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் வருடத்தில் எதை, எப்போது, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். சக்கரங்கள் நிற்கும் கோணத்தைத் திருத்தும் அலைன்மெண்டுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பிக் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

காரை எடுக்கும் நாளில்

சாவி வாங்கி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு காற்று, பின் டயருக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கப்பலில் வரும் புதுக் கார்களுக்குக் காற்று அதிகமாக அடித்து அனுப்புவது வழக்கம். விற்பனைக்கு முந்திய பரிசோதனையில் அதைக் குறைத்திருக்க வேண்டும். குறைத்தார்களா என்று அங்கேயே அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து டயரின் பக்கச்சுவர். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் செய்த வாரமும் வருடமும். 2325 என்றால் 2025ஆம் வருடத்தின் 23ஆம் வாரம். நான்கு டயரும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள்.

பின்னால் சாமான் வைக்கும் பூட் கதவைத் திறந்து ஸ்பேர் டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மின்கார்களில் இருக்காது. காற்றடிக்கும் சிறு பம்பும் பஞ்சர் அடைக்கும் திரவப் புட்டியும்தான் இருக்கும். அந்தப் புட்டிக்கும் காலாவதித் தேதி உண்டு.

கடைசியாக, கையேட்டில் ஜேக் வைக்கும் இடங்களைக் காட்டும் பக்கத்தைத் தேடிப் பிடித்து அதையும் படம் எடுங்கள். இந்த ஒரு படம் பின்னால் பெரிய செலவைத் தடுக்கும். ஏன் என்பதைக் கடைக்குப் போகும்போது சொல்கிறேன்.

காற்று

பெட்ரோல் கார் வைத்திருந்தபோது வாரம் ஒருமுறை எண்ணெய் நிலையத்துக்குப் போனோம், போன இடத்தில் காற்றும் பார்த்தோம். மின்கார் வந்த பிறகு அங்கே போகும் வேலையே இல்லை, காற்று பார்க்கும் பழக்கமும் அதோடு போய்விடுகிறது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த விளக்கு காற்று கணிசமாக இறங்கிய பிறகுதான் எரியும். அதற்குள் டயரின் இரு ஓரமும் தேய ஆரம்பித்திருக்கும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறைந்திருக்கும்.

மாதம் இருமுறை, காலையில், காரை வெளியே எடுப்பதற்கு முன் அளவு பாருங்கள். ஒட்டுத்தாளில் இருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. டயர் சூடேறினால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காற்றழுத்தம் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ வரை கூடும். மதியம் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓட்டிவந்து அளந்து, "அதிகமாக இருக்கிறதே" என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் அது குறைவாக இருக்கும். காற்றழுத்தம் அளக்கும் நல்ல கருவி ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. நம் நிலையங்களில் உள்ள பம்புகள் பல கிலோபாஸ்கல் கணக்கில் காட்டும். 250 கிலோபாஸ்கல் என்றால் 36 பிஎஸ்ஐ, 290 என்றால் 42. மின்கார்களுக்கான அளவு பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வரும். பழைய காரின் நினைவில் 30, 32 என்று அடித்துவிட வேண்டாம்.

சாலையில் நீங்களே செய்யும் சோதனை

அலைன்மெண்ட் கடைக்குப் போவதற்கு முன் கார் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எலைட் நெடுஞ்சாலையிலோ, புத்ராஜெயா பக்கம் போகும் எம்.இ.எக்ஸ். நெடுஞ்சாலையிலோ, வாகனம் குறைவான நேராக உள்ள பகுதியில் இதைச் செய்யலாம்.

முதலில் தடம் காக்கும் உதவியை அணைத்துவிடுங்கள். புது மின்கார்களில் கேமரா கோட்டைப் பார்த்துக் கார் தானே ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதை அணைக்காமல் செய்த சோதனைக்கு மதிப்பே இல்லை. கார் ஒரு பக்கம் இழுத்தாலும் அது மறைத்துவிடும், இழுக்காத காரையும் சில நேரம் இழுப்பதுபோல் காட்டும்.

பிறகு நடுத்தடத்தில் சீரான வேகத்தில் போங்கள். ஸ்டியரிங்கைக் கையைவிட்டு விடாமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கார் மெதுவாக இடப்பக்கம் நகர்வது இயல்பு. நகர்வதற்கும் இழுப்பதற்கும் வித்தியாசம் தெரியும்: சில நொடியிலேயே தடத்தைவிட்டு வெளியே போகப் பார்த்தால் அது இழுப்பு. சரிவு அதிகம் இல்லாத இன்னொரு தடத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள்.

கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் நடுவில் நிற்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. கார் நேராகவும் ஸ்டியரிங் கோணலாகவும் இருந்தால், முன் சக்கரங்களின் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) நடுவிலிருந்து விலகியிருக்கலாம், அல்லது பின் சக்கரங்கள் ஒரு பக்கம் பார்த்தபடி காரைத் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது நடுக்கம். 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு, அலைன்மெண்ட் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைன்மெண்டுக்குக் காசு கொடுப்பவர்கள் நிறையப் பேர். பேலன்சிங் என்பது சக்கரத்தைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்து, எடை குறைந்த இடத்தில் சிறு எடை ஒட்டும் வேலை. அலைன்மெண்ட் என்பது சக்கரம் காரில் நிற்கும் கோணத்தைத் திருத்தும் வேலை.

புதுக் கார் இழுத்தாலும் ஸ்டியரிங் கோணலாக இருந்தாலும் வெளிக்கடைக்குப் போகாதீர்கள். கார் வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கே போய், எழுத்தில் புகார் பதிவு செய்யுங்கள். அலைன்மெண்ட் திருத்தத்தைப் பல நிறுவனங்கள் குறுகிய காலத்துக்கு மட்டுமே இலவசமாகச் செய்து கொடுக்கும். உத்தரவாதப் புத்தகத்தில் அந்தக் கால வரம்பைத் தேடிப் பாருங்கள். வரம்பு முடிந்த பிறகு, நீங்கள் பள்ளத்தில் விட்டிருப்பீர்கள் என்று சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

மூன்று கோணங்கள்

காரை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்களின் முன்பகுதி ஒன்றையொன்று நோக்கி உள்ளே பார்க்கிறதா, விலகி வெளியே பார்க்கிறதா என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேஸ்டர். திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவது கேஸ்டரால்தான்.

டயரைத் தின்பதில் டோ முதலிடம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து 0.1 டிகிரி மட்டும் விலகியிருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு, டயரின் முன்னுக்கும் பின்னுக்கும் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் கார் ஒரு கிலோமீட்டர் போகும்போது அந்த டயர் ஒன்றே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 17 கிலோமீட்டருக்கு மேல். காரின் எடையில் தன் பங்கைச் சுமந்துகொண்டு தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் ரப்பரைத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

இதைக் கையால் கண்டுபிடிக்கலாம். காரை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு, டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல்போல் கூர்மையாகவும் பட்டால் டோ சரியில்லை. கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கை கிழியும், அதனால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். முன் டயரின் உள் ஓரத்தைப் பார்க்க ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைக்க வேண்டும். பின் டயரின் உள் ஓரத்துக்குக் கைப்பேசியைக் கீழே நீட்டிப் படம் எடுப்பதுதான் வழி. பலருடைய பின் டயர் வெளியே புதிதாகவும் உள் ஓரம் மொட்டையாகவும் இருப்பது இப்படித் தெரியாமல் போவதால்தான்.

கடையைத் தேர்ந்தெடுப்பது, போனதும் சொல்ல வேண்டியது

ஜாலான் ஈப்போ, கெப்போங், பூச்சோங், கிள்ளான் என்று எந்தப் பக்கம் போனாலும் டயர் கடைக்குப் பஞ்சமில்லை. விலையைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். என் காரின் மாடல் உங்கள் இயந்திரத்தின் தரவில் இருக்கிறதா? நான்கு சக்கரத்தையும் அளப்பீர்களா? திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை அச்சிட்டுத் தருவீர்களா? ஸ்டியரிங் கோண சென்சாரைச் சரிசெய்யும் கருவி இருக்கிறதா?

முதல் கேள்வி முக்கியம். புதிதாக மலேசியச் சந்தைக்கு வந்த மின்கார்களின் அளவுகள் இயந்திரத்தில் ஏற்றப்படாமல் இருக்கலாம். சில கடைகளில் அதேபோன்ற வேறொரு காரைத் தேர்ந்தெடுத்து வேலையை முடித்துவிடுவார்கள். திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும், ஆனால் அது வேறு காரின் பச்சை. திரையில் உங்கள் காரின் பெயரையும் மாடலையும் பார்க்காமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

வேலை பார்க்கும் ஃபோர்மேனிடம் பக்குவமாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "அண்ணே, இது மின்கார். நடுவுல முழுக்க பேட்டரி. ஜேக்கை இந்த நாலு இடத்துல மட்டும் வைங்க" என்று சொல்லி, எடுத்து வைத்த படத்தைக் காட்டுங்கள். தரைக்கு அடியில் தட்டையாகப் பரந்திருக்கும் பேட்டரிப் பெட்டியின் மேல் லிஃப்டின் தகடோ ஜேக்கோ அழுத்தினால் பெட்டி நசுங்கும். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது நம் நாட்டில் பரவலாகத் தரப்படுவது. ஆனால் தூக்கும்போது நசுங்கியதை எந்த உத்தரவாதமும் ஏற்காது. கத்தரி வடிவ லிஃப்ட் உள்ள கடைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அதன் அகலத் தகடுகள் காரின் வயிற்றைத் தொடாமல் இருக்க, ஜேக் புள்ளிகளில் ரப்பர் கட்டை வைத்துத்தான் தூக்க வேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மின்கார் ஓடத் தயாராக இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. கீழே ஆள் வேலை செய்யும்போது சாவியையோ, சாவியாக வேலை செய்யும் கைப்பேசியையோ எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். சில மாடல்கள் சாவி அருகில் இருந்தாலே, இருக்கையில் ஆள் உட்கார்ந்து பிரேக்கைத் தொட்டதும் தயாராகிவிடும். சக்கரத்தை உருட்ட வேண்டிய நேரத்தில் காரை நியூட்ரலில் போடுவது எப்படி என்பதையும் நீங்களே செய்து காட்டுங்கள்.

வேலை நடக்க வேண்டிய வரிசை இதுதான். பூட் பகுதியிலுள்ள கனமான சாமான்களை இறக்கிவிட்டு, முதலில் நான்கு டயரிலும் ஒட்டுத்தாளில் உள்ளபடி காற்று. பிறகு சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகளான டை ராட், பால் ஜாயிண்ட், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பது. ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு கோணம் திருத்தினால் கடை வாசலைத் தாண்டும்போதே அது மாறிவிடும். அதன்பின் சக்கரங்களில் தகடு மாட்டி, காரை முன்னும் பின்னும் உருட்டி அளவெடுப்பார்கள். திருத்தும்போது பின் சக்கரம் முதலில், முன் சக்கரம் அடுத்து. முன்னதை முதலில் திருத்திவிட்டுப் பின்னால் கைவைத்தால் ஸ்டியரிங் மறுபடி கோணலாகும். ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி வைத்துத்தான் முன் டோவைத் திருத்த வேண்டும். கடைசியில் லாக் நட்டுகளை இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளவெடுத்து அச்சிட வேண்டும்.

முடிந்ததும் ஸ்டியரிங் கோண சென்சார். மின்காரில் வழுக்கல் கட்டுப்பாடு, தடம் காக்கும் உதவி எல்லாம் இந்த சென்சார் சொல்வதை நம்பித்தான் வேலை செய்கின்றன. சக்கரம் நேராக இருக்கும்போது சென்சார் இன்னும் கோணலாக நினைத்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கை விளக்கு வரும், அல்லது கார் கோட்டின் ஒரு பக்கமாகவே ஒட்டி ஓடும். சில மாடல்களில் அலைன்மெண்டுக்குப் பிறகு முன் கேமராவையும் சீரமைக்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். அது சர்வீஸ் மையத்தில் செய்ய வேண்டிய வேலை.

அச்சிட்ட தாளை வாசிப்பது

தாளில் இரண்டு பத்தி இருக்கும், திருத்தும் முன் இருந்தது ஒன்று, திருத்திய பின் இருப்பது மற்றொன்று. நடுவில் அந்த மாடலுக்குரிய வரம்பு. சிவப்பு வரம்புக்கு வெளியே, பச்சை உள்ளே. பச்சையைப் பார்த்ததும் தாளை மடித்துவிடாதீர்கள்.

டோவில் இடதும் வலதும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். இரண்டும் பச்சைக்குள் இருந்தாலும், ஒன்று வரம்பின் இந்தக் கரையிலும் மற்றது அந்தக் கரையிலும் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கேம்பரிலோ கேஸ்டரிலோ இடவல வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் கார் இழுக்கும். பின் சக்கரங்கள் காரை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்று காட்டும் ஒரு எண்ணும் தாளில் தனியாக இருக்கும். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. சில இயந்திரங்கள் டிகிரியைத் தசமத்தில் காட்டும், சில டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். 0.10 டிகிரியும் 6 நிமிடமும் ஒன்றுதான். இரண்டு கடைத் தாள்களை ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள்.

எல்லாக் கோணத்தையும் எல்லாக் காரிலும் திருத்த முடியாது. முன் கேம்பருக்குப் பல மாடல்களில் திருகவே வழியில்லை. பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள கார்களில் பின் டோவுக்கும் அப்படித்தான். அந்த அளவுகள் சிவப்பில் இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது என்று பொருள். புதுக் காரில் அப்படி வந்தால் அந்தத் தாளோடு நேராக சர்வீஸ் மையத்துக்குப் போங்கள். கேம்பரை மாற்றும் தனி போல்ட் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று கடையில் சொன்னால், உத்தரவாதம் இருக்கும்வரை சம்மதிக்காதீர்கள்.

தாளில் கிலோமீட்டரையும் தேதியையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கார் நேராக ஓடினாலும் முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை அளவு மட்டும் எடுத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. பின்னால் பள்ளத்தில் விழுந்தால் ஒப்பிட ஒரு தொடக்க அளவு கையில் இருக்கும்.

பள்ளத்தில் விட்டுவிட்டால்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை கொட்டும். லாரிகள் ஓடும் எம்.ஆர்.ஆர்.2 போன்ற சாலைகளில் அந்த மாதங்களில் புதுப் பள்ளங்கள் முளைக்கும். தண்ணீர் நிற்கும்போது ஆழம் தெரியாது.

பலமாக இடித்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, அந்த டயரை ஒட்டவோ தொடர்ந்து ஓட்டவோ கூடாது. ரிம் வளைந்திருக்கிறதா, காற்று இறங்குகிறதா என்று மறுநாள் காலையிலும் பாருங்கள். காரின் வயிறு தரையில் உரசிய சத்தம் கேட்டிருந்தால் சர்வீஸ் மையத்தில் தூக்கிப் பேட்டரி அடித்தகட்டைப் பார்க்கச் சொல்வது அவசியம். அதன்பிறகு அலைன்மெண்ட் அளவு. பள்ளத்தைப் படம் எடுத்துப் புகார் செய்ய மைஜாலான் செயலி இருக்கிறது. டோல் நெடுஞ்சாலை என்றால் அந்த நிறுவனத்திடம் நேரடியாகவும் சொல்லலாம்.

டயரை இடம் மாற்றுவதும் புது டயர் வாங்குவதும்

10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றுங்கள். கையேட்டில் வேறு தூரம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் உள்ள மாடலில் இப்படி மாற்ற முடியாது. மோட்டார் இருக்கும் பக்கத்து டயர் எப்போதும் முந்தித் தேயும்.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். உதாரணத்துக்கு டெஸ்லா மாடல் 3க்கு அது 175 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

புது டயர் வாங்கும் நாள் வந்தால் அளவோடு சுமை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690 கிலோ. காரோடு வந்த எண்ணைவிடக் குறைவானதை, மலிவு என்பதற்காகப் போடக் கூடாது. சில மின்கார் டயர்களின் உள்ளே சத்தம் குறைக்க நுரை ஒட்டியிருக்கும். பஞ்சர் ஒட்டும்போது அந்த இடத்து நுரையை வெட்டி எடுக்க வேண்டும், இதைக் கடைக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். சட்டப்படி டயர் பட்டனின் (தரையைத் தொடும் பக்கத்து வரிப் பள்ளங்களின்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நம் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

பிரேக்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே காரை நிறுத்தி, பேட்டரிக்கு மின்சாரம் திருப்பித் தருகிறது. அதனால் பிரேக் பேட் பல வருடம் உழைக்கும். ஆனால் நம் ஈரக் காற்றில் பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாத இடத்தில், சற்று அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். கார் கழுவிய பிறகும் அப்படியே. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், பேட் புதிதாகவே இருந்தாலும் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். பல மாடல்களுக்கு அது இரண்டு ஆண்டு.

கெந்திங் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு இடமில்லை, மோட்டார் பிடிப்பு குறைந்துவிடும், முழு பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். மேலே சார்ஜ் செய்வதானால் 80 வரை போதும். இறங்கி முடிக்கும்போது சதவீதம் கொஞ்சம் கூடியே இருக்கும்.

பொனட்டுக்குக் கீழே

குளிர்திரவத் தொட்டியில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். குறைந்தால் குழாய்த் தண்ணீரோ பழைய காருக்கு வாங்கிய பச்சைத் திரவமோ ஊற்றாதீர்கள். பல மாடல்களில் மின்சாரம் எளிதில் கடத்தாத தனித் திரவம் பயன்படுகிறது.

ஏர்கோன் குளிராவிட்டால் தெருமுனைக் கடையில் கேஸ் அடிக்கக் கொடுப்பது நமக்குப் பழகிப்போனது. மின்காரில் அது ஆபத்து. மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸருக்குப் பொதுவாகப் பி.ஓ.இ. என்ற எண்ணெய்தான் வேண்டும். சாதாரணக் காருக்குப் போடும் பி.ஏ.ஜி. எண்ணெய் கலந்தால் மின்காப்பு கெட்டு, கம்ப்ரஸரே போய்விடும். பல கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏர்கோன்தான். எனவே ஏர்கோன் வேலையைச் சர்வீஸ் மையத்துக்கு விடுங்கள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயர் தெரியும் எந்த இடத்தையும் வெளி ஆட்கள் தொடக் கூடாது.

ஏர்கோன் வடிகட்டியை நீங்களே மாற்றலாம். புகைமூட்டம் வரும் மாதங்களுக்குப் பிறகு கழற்றிப் பாருங்கள், நிறத்தைப் பார்த்தாலே தெரியும்.

பெரிய பேட்டரியைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் காரைத் தெருவில் நிறுத்துவது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறந்தால் கதவு திறக்காது, கார் விழிக்காது, சார்ஜும் ஏறாது. சாவியில் மறைந்திருக்கும் கைச்சாவியால் கதவைத் திறப்பது எப்படி, பொனட்டைத் திறப்பது எப்படி என்று வீட்டில் நிதானமாக இருக்கும்போதே செய்து பழகுங்கள். இன்னொருவர் காரை எழுப்ப உங்கள் மின்காரிலிருந்து ஒயர் கொடுக்காதீர்கள், பல கையேடுகள் அதைத் தடை செய்கின்றன.

சார்ஜ் விஷயத்தில் பேட்டரியின் வகையைத் தெரிந்துகொண்டால் போதும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்கு அவ்வப்போது, வாரம் ஒருமுறைபோல, 100 வரை ஏற்றினால் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கைக் கார் சரியாகக் காட்டும். நிக்கல் கலந்த வகைக்கு அன்றாடம் 80 போதும், தூரப் பயணத்துக்கு முதல்நாள் இரவு மட்டும் 100.

தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்கு முன்

ஈப்போவோ சுங்கை பட்டாணியோ, குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறியிருக்கும்போது ஒட்டுத்தாளில் முழுச் சுமைக்கென்று தனி அளவு போட்டிருந்தால் அந்த அளவுக்குக் காற்று அடியுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே டயர் வேலைகளை முடியுங்கள். முதல்நாள் அலைன்மெண்ட் செய்துவிட்டு நேராக நெடுஞ்சாலை ஏறினால் கோளாறு தெரிவது தாப்பாவில்தான்.

வழியில் டயர் போய், திரவம் ஊற்றியும் நிற்காவிட்டால் பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000 எண்ணைக் கூப்பிடுங்கள். இழுத்துப் போக வரும் வண்டி முழுக் காரையும் மேலே ஏற்றும் தட்டை லாரியாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டார் தானாகச் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகி, பாகங்கள் கெடும்.

காப்புறுதியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேராது, தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் காரை விடுபவர்கள், தாழ்வான தாமானில் (குடியிருப்பில்) இருப்பவர்கள் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்காமல் முகவரிடம் இப்போதே கேளுங்கள். சேர்க்கும்போது வீட்டுச் சார்ஜருக்கும் பாதுகாப்பு கிடைக்குமா என்று சேர்த்தே கேட்டுவிடுங்கள்.